நச்சுவாயுவிலிருந்து டீசல்

காபன் மொனொக்சைட்டு என்றதும், மூடிய அறைக்குள் ஆளைக் கொல்லும் நச்சுவாயு என்பதுதான் நம்மில் பலருக்கு நினைவு வரும். அதே வாயுவை ஐதரசனுடன் சேர்த்து டீசலும் மெழுகும் மதுசாரமும் செய்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

நிலக்கரியைச் சூடாக்கி அதனுள் நீராவியும் ஒட்சிசனும் செலுத்தினால் இந்த இரண்டு வாயுக்களும் கலந்து வெளிவரும். அந்தக் கலவையை 200 முதல் 350 பாகை செல்சியஸ் வெப்பத்தில், உயர் அமுக்கத்தில், ஓர் உலோக ஊக்கியின் மேல் செலுத்த வேண்டும். ஊக்கி இரும்பு அல்லது கோபால்ற்று என்றால், ஒட்சிசன் கழன்று பெரும்பாலும் நீராகப் போய்விடும். மிஞ்சும் காபன் அணுக்கள் ஐதரசனைப் பற்றிக்கொண்டு, பூச்சரம் தொடுப்பதுபோல ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ளும். சரம் குட்டையாக நின்றால் வாயு. சற்று நீண்டால் பெற்றோல், டீசல். மிக நீண்டால் மெழுகு. செம்பும் நாக ஒட்சைட்டும் கலந்த ஊக்கியை வைத்தாலோ ஒட்சிசன் முழுதாகக் கழலாது; மெதனோல் கிடைக்கும். (மதுசாரம்தான், ஆனால் குடித்தால் கண் போய்விடும்!)

இந்தச் சரம் கோர்க்கும் முறையை 1925இல் கண்டுபிடித்தவர்கள் பிரான்ஸ் பிஷர், ஹான்ஸ் ட்ரொப்ஷ் என்ற இருவர். ஜேர்மனியின் மியூல்கைம் நகரில் இருந்த நிலக்கரி ஆய்வு நிலையத்தில் வேலை செய்தவர்கள். அந்த நாட்டில் நிலக்கரி ஏராளம், எண்ணெய் சொற்பம். இரண்டாம் உலகப் போரில் இம்முறையில் இயங்கிய ஒன்பது ஆலைகள் ஹிட்லரின் படைகளுக்கு எரிபொருள் தந்தன.

அடுத்து இதைப் பற்றிக்கொண்டது தென்னாபிரிக்கா. சசோல் நிறுவனம் 1955இல் உற்பத்தியைத் தொடங்கியது. நிறவெறி ஆட்சிக்கு எண்ணெய் தர அரபு நாடுகள் 1973இல் மறுத்தன. 1979 புரட்சிக்குப் பின் ஈரானும் நிறுத்தியது. 1980களில் செக்குண்டாவில் எழுந்த பெரும் ஆலைகள் அந்த ஆட்சி தாக்குப்பிடிக்கக் கைகொடுத்தன என்பதை மறைக்க முடியாது.

ஆட்சி 1994இல் மாறியது, ஆலை மாறவில்லை. நிலக்கரியில் ஐதரசன் குறைவு. அதை ஈடுகட்ட, காபன் மொனொக்சைட்டின் ஒரு பகுதியை நீராவியுடன் தாக்கமுறச் செய்து ஐதரசன் எடுக்கிறார்கள். அப்போது காபனீரொட்சைட்டு பெருமளவில் வெளியேறும். உலகில் ஒரே இடத்திலிருந்து மிக அதிகமாக அதை வெளிவிடும் ஆலைகளில் ஒன்று செக்குண்டா.

இயற்கை வாயுவில் ஐதரசன் தாராளம். 2011இல் கட்டாரில் தொடங்கிய ஆலை நாளொன்றுக்கு 1,40,000 பீப்பாய் திரவம் தரக்கூடியது. ஆனாலும் அதுவும் நிலத்தடிக் காபன்தான். இப்போது முயல்வது வேறு வழி: காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஐதரசன், வெளியேறும் காபனீரொட்சைட்டிலிருந்து காபன். இம்முறையில் செய்த எரிபொருளை விமானங்களில் பாதிவரை கலக்க 2009இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. தடையாக நிற்பது விலை. அந்த மின்சாரத்துக்கு ஆகும் செலவுதான் அதில் பெரும் பங்கு.