ஆக்சிஜனுக்கும் அளவு உண்டு

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தால் முதல் வேலையாக மாஸ்க்கை மாட்டிவிடுவார்கள். அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பல பத்தாண்டுகளாக இதுதான் வழக்கமாக இருந்தது. மாரடைப்புக்கு மார்ஃபின், ஆக்சிஜன், நைட்ரேட், ஆஸ்பிரின் என்று மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். இதயத்துக்கு ரத்தம் போதவில்லை, அதனால் ஆக்சிஜனைக் கூட்டு என்பது கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பெரிய அளவில் சோதித்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஸ்வீடன் மருத்துவர்கள் சோதித்தார்கள். மாரடைப்பாக இருக்கலாம் என்று வந்தவர்களில், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் சாச்சுரேஷனை, அதாவது ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவை, 90 சதவீதம் அல்லது அதற்கு மேல் காட்டிய 6,629 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மாஸ்க் வழியாக நிமிடத்துக்கு 6 லிட்டர் ஆக்சிஜன், 6 முதல் 12 மணி நேரம் வரை. மற்றவர்களுக்கு அறையில் இருக்கும் காற்றுதான். 2017இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் ஆக்சிஜன் பெற்றோரில் 5.0 சதவீதம், பெறாதோரில் 5.1. காலங்காலமாகச் செய்துவந்த ஒன்றால் பலன் எதுவும் இல்லை!

வேறு நோயாளிகளிடம் நிலைமை இன்னும் மோசம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் மிஞ்சினால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும், நினைவு தப்பலாம். டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸிலேயே நடத்திய ஆய்வில், சாச்சுரேஷனை 88-92க்குள் நிறுத்தி அளந்து கொடுத்தபோது அவர்களிடையே இறப்பு தெளிவாகக் குறைந்தது. 2018இல் லான்செட் இதழ், தீவிர நோயாளிகள் சுமார் 16,000 பேரைப் பற்றிய 25 ஆய்வுகளின் தொகுப்பை வெளியிட்டது. தாராளமாக ஆக்சிஜன் பெற்றவர்களில்தான் இறப்பு கூடுதல்.

இன்று முதலில் ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணைப் பார்க்கிறார்கள். மாரடைப்பில் 90க்குக் கீழே இறங்கினால் ஆக்சிஜன், இல்லையென்றால் வேண்டாம் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். குறைந்தவர்களுக்கு அது உயிர் மருந்து, அதில் சந்தேகமே இல்லை. கோவிட் நாட்களில் சிலிண்டருக்கு அலைந்த எந்தக் குடும்பமும் அதை மறக்காது. அந்த நினைவால்தானோ என்னவோ, மாஸ்க் போடாவிட்டால் கவனிக்கவில்லை என்று இப்போதும் பலர் பதறுகிறார்கள். உங்கள் வீட்டார் படுக்கையில் இருக்கும்போது நர்ஸிடம் சண்டைக்குப் போகாதீர்கள். "சாச்சுரேஷன் எவ்வளவு காட்டுது சிஸ்டர்?" என்று கேளுங்கள்.