நுரைப்பஞ்சுக்கு உரிமம் வந்தது. புண் ஆறும் என்பதற்கு உறுதி வந்ததா?

மருத்துவக் கருவிகள் விதிகள், 2017-இன்படி ஆபத்து குறைந்த ஏ, பி வகைக் கருவிகளுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், ஆபத்து மிகுந்த சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயமாக்கப்பட்டது. தோலின் உள்ளடுக்கு வரை பிளந்து, தையலால் மூட இயலாமல் அடியிலிருந்தே ஆற வேண்டிய புண்களுக்கென்று தயாரிக்கப்படும் நுரைப்பஞ்சு, அவ்விதிகளின் வகைப்பாட்டுக் கோட்பாட்டின்படி சி வகையைச் சாரும். இந்தக் கெடுவை ஒட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பலவும் ஒரே ஐயத்தையே எழுப்புகின்றன: சர்க்கரை நோயாளியின் காற்புண்ணுக்கு மருத்துவமனைகளில் போடப்படும் ‘வேக் டிரஸ்ஸிங்’ எனும் உறிஞ்சுக்கட்டு இனி உரிமம் பெற்ற பஞ்சால் போடப்படுமானால், புண் ஆறுவதற்கு அது உத்தரவாதம் ஆகுமா? ஆகாது என்பதே நேரான விடை. அதற்கான காரணம் அந்தப் பஞ்சின் துளைகளுக்குள் இருக்கிறது.

உரிமம் என்பது பஞ்சு எங்கே, எவ்விதத் தர ஒழுங்கில், எந்த மூலப்பொருளால், எப்படிக் கிருமி நீக்கித் தயாரிக்கப்பட்டது என்பதற்கு அரசு தரும் ஒப்புதலாகும். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள ஒரு கருவியோடு அடிப்படையில் ஒத்தது என்று காட்ட முடிந்தால், நோயாளிகளிடம் புதிதாக ஆய்வு நடத்தாமலேயே உரிமம் பெறுவதற்கு விதிகள் இடமளிக்கின்றன. அமெரிக்காவிலும் இந்தச் சிகிச்சைக் கருவி 1995-இல் இத்தகைய ஒப்புமை வழியிலேயே சந்தைக்கு வந்தது. ஆகவே ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று விளம்பரம் சொல்லும்போது, பிற சிகிச்சைகளைவிட அது மேலானது என்று எவரும் நிறுவியதாகப் பொருள் கொள்ளலாகாது.

புண்ணில் பஞ்சை வைத்து, மேலே ஒட்டுப்படலத்தால் மூடி, குழாய் வழியே காற்றை உறிஞ்சும் இம்முறைக்குத் தனியொரு தந்தை இல்லை. ஜெர்மனியில் ஃபிளைஷ்மன் குழுவினர் திறந்த எலும்பு முறிவுக் காயங்களில் பாலிவினைல் ஆல்கஹால் பஞ்சைப் பயன்படுத்திய அனுபவத்தை 1993-இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் வட கரோலினாவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் அர்ஜென்டா, மைக்கேல் மோரிக்வாஸ் இருவரும் பன்றிகளிடமும் பின்னர் 300 காயங்களிலும் செய்த ஆய்வுகளை 1997-இல் வெளியிட்டனர். இன்றுவரை வழக்கிலுள்ள 125 மில்லிமீட்டர் பாதரச உறிஞ்சு அழுத்தம் அங்கிருந்து வந்ததே.

அவர்கள் தேர்ந்த கறுப்புப் பஞ்சு, மெத்தைக்குள் இருக்கும் பாலியூரித்தேன் பஞ்சின் உறவுதான் என்றாலும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சாதாரணப் பஞ்சின் ஒவ்வொரு குமிழுக்கும் இடையில் மெல்லிய சவ்வு எஞ்சியிருப்பதால் காற்றும் நீரும் தடைப்பட்டே செல்லும். மருத்துவப் பஞ்சிலோ அந்தச் சவ்வுகள் நீக்கப்பட்டு, நூலிழை போன்ற சட்டங்கள் மட்டுமே வலைபோல் நிற்கின்றன. அடைத்த கலத்துக்குள் வாயுக்கலவையைப் பற்றவைத்து, நொடிப்பொழுதில் பரவும் தீயால் சவ்வுகளை மட்டும் எரித்தெடுப்பது இதற்குரிய தொழில்முறைகளுள் ஒன்று. 400 முதல் 600 மைக்ரான் வரை, அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அகலமுள்ள இத்துளைகள் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டிருப்பதால், குழாய் வாயில் இழுக்கும் அழுத்தம் புண்ணின் மூலைமுடுக்கெல்லாம் சமமாகப் பரவுகிறது.

இழுப்பு தொடங்கியதும் தடித்த பஞ்சு சுருங்கி வற்றல் போலாகிறது. அதன் சட்டங்கள் புண்ணின் அடித்தளத்தில் ஊன்ற, சட்டங்களுக்கு இடையிலுள்ள திசு துளைகளுக்குள் சிறுசிறு மேடாக உறிஞ்சப்படுகிறது. 2004-இல் வெளியான ஒரு கணினி மாதிரி ஆய்வு, இவ்வாறு மேடிடும் திசு பெரும்பாலும் 5 முதல் 20 விழுக்காடு வரை நீள்வதாகக் கணித்தது. ஆய்வகத்தில் உயிரணுக்களைப் பிரிந்து பெருகத் தூண்டும் இழுவிசையும் இதே அளவிலானதே. கழிவுநீரை வடிப்பதற்கு மட்டும் உரியதாகத் தோன்றும் பஞ்சு, திசுவை இழுத்து வளரவைக்கும் பொறியாகவும் வேலை செய்கிறது என்பதே இக்கண்டுபிடிப்பின் நுட்பம்.

சிக்கலும் அதே நுட்பத்திலிருந்தே பிறக்கிறது. துளைக்குள் இழுக்கப்பட்டு வளரும் சிவந்த புதுத்தசை, உரிய வேளையில் பஞ்சை மாற்றாவிட்டால் சட்டங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளேயே வேரோடிவிடும். அதன்பின் பஞ்சை உரித்தால் புதுத்தசையும் சேர்ந்து கிழிகிறது. பஞ்சு பிய்ந்தால் துணுக்குகள் புண்ணுக்குள் தங்கிச் சீழ் வைக்கின்றன. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்று உற்பத்தியாளர்களே வரையறுத்திருப்பது இதனால்தான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-இலும் 2011-இலும் எச்சரிக்கைகள் விடுத்தது. 2007 முதல் தனக்கு வந்த தகவல்களின்படி 12 இறப்புகளும் 174 பாதிப்புகளும் நேர்ந்தன என்று அது பதிவுசெய்தது. இரத்தப்போக்கே மிகக் கடுமையான சிக்கல் என்றும், தங்கிவிட்ட பஞ்சுத் துண்டுகளை அகற்ற மறு அறுவை தேவைப்பட்டது என்றும் குறிப்பிட்டது.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. விளக்கக் கையேடுகள் பலவும் இம்முறை ‘இரத்த ஓட்டத்தைப் பெருக்குகிறது’ என்று ஐயமின்றி எழுதுகின்றன. 1997-இன் பன்றி ஆய்வு அவ்வாறே கண்டது உண்மைதான். எனினும் தென்னாப்பிரிக்காவில் கைரினோஸ் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வுகள், உறிஞ்சப்படும் பஞ்சு தனக்கு அடியிலுள்ள திசுவை அமுக்குகிறது என்றும், அதனால் அங்கே இரத்த ஓட்டம் குறையவும் கூடும் என்றும் காட்டின. நல்ல குருதிக் குழாய்கள் உள்ள காலுக்கு இந்த அமுக்கம் பொருட்டாகாமல் போகலாம். சர்க்கரையால் குழாய்கள் ஏற்கெனவே ஒடுங்கிய காலுக்கு, அதிலும் பஞ்சைப் பாதத்தைச் சுற்றி வளைத்துக் கட்டும்போது, அது பொருட்படுத்தியே ஆக வேண்டிய ஆபத்தாகும். யாருக்கு இச்சிகிச்சை மிகுதியாகப் பரிந்துரைக்கப்படுகிறதோ அவர்களிடமே அதன் அடிப்படைக் கூற்று மிகப் பலவீனமாக நிற்கிறது என்பது கவலைக்குரியது.

பலன் பற்றிய சான்றுகளும் ஒரு திசையில் செல்லவில்லை. உற்பத்தியாளர் ஆதரவுடன் 342 நோயாளிகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், இம்முறையில் 43 விழுக்காட்டினருக்கும் ஈரக்கட்டில் 29 விழுக்காட்டினருக்கும் காற்புண் முழுதாக மூடியது. ஜெர்மனியில் 368 பேரிடம் அன்றாட மருத்துவச் சூழலில் நடந்து 2020-இல் வெளியான ஆய்விலோ, 16 வாரங்களில் மூடியவை முறையே 14.6, 12.1 விழுக்காடு மட்டுமே. இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடிய அளவினது. பிரிட்டனில் கடுமையான கால் எலும்பு முறிவுக் காயங்களுடைய 460 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வும், ஆழ்ந்த தொற்றிலோ, ஓராண்டுக்குப் பின் ஊனத்தின் அளவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை.

எஞ்சிய கேள்விகள் சுருக்கமாக:

வெள்ளைப் பஞ்சு, அதாவது பாலிவினைல் ஆல்கஹால் பஞ்சு, எதற்கு? துளைகள் சிறியனவாகவும் ஈரமாகவும் இருப்பதால் தசை எளிதில் உள்ளே வளராது. குகைபோல் நீளும் புண்களுக்கு அதுவே ஏற்றது.

மெத்தைப் பஞ்சை வெட்டிக் கிருமி நீக்கிப் போடுவது சரியா? செலவைக் குறைக்கும் நோக்கம் நியாயமானது. ஆனால் சவ்வு நீங்காத பஞ்சில் அழுத்தம் சீராகப் பரவாது, துணுக்கு உதிரும் வாய்ப்பும் மிகுதி.

எந்தப் புண்ணுக்குப் போடவே கூடாது? அழுகிய தசை அகற்றப்படாத புண், புற்றுப்புண், சிகிச்சை பெறாத எலும்புத் தொற்று, இரத்தக் குழாயோ உள்ளுறுப்போ வெளித்தெரியும் புண்.

அறுவையின்போது உடலுக்குள்ளேயே விடப்படும் ஜெலட்டின் பஞ்சு? அது 4 முதல் 6 வாரங்களில் கரைவதற்கென்றே செய்யப்பட்டது. கறுப்புப் பஞ்சு ஒருபோதும் கரையாது.

 

கருவி நின்றுபோனால்? ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் உறிஞ்சல் இல்லாமல் பஞ்சைப் புண்ணுக்குள் விட்டுவைக்கலாகாது.

குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை எவை? காலின் இரத்த ஓட்டம் அளக்கப்பட்டதா, புண்ணுக்குள் வைத்த பஞ்சுத் துண்டுகளின் எண்ணிக்கை ஒட்டுப்படலத்தின் மேலும் நோயாளியின் ஏட்டிலும் எழுதப்பட்டதா, அடுத்த மாற்றம் எந்த நாளில், யார் கையால் என்ற மூன்றுமே. பஞ்சின் உறையிலுள்ள உரிம எண் இவற்றில் எதற்கும் விடை தராது.