ரிவர்ஸில் மலை ஏறிய கார்

நாங்கள் கொல்லிமலை பைல் நாட்டுக்காரர்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே வருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். அதனாலோ என்னவோ, எந்த வண்டியைப் பார்த்தாலும் "இது நம்ம மலை ஏறுமா?" என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

லீவில் கோயமுத்தூருக்கு நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். என் பையன் பிடிவாதம் பிடித்து, அவிநாசி ரோட்டில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்துக்கு இழுத்துப் போனான். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டாரே ஜி.டி. நாயுடு, அவர் குடும்பத்தார் 2015-ல் திறந்தது. 'பழைய காரில் பார்க்க என்ன இருக்கு, அந்த நேரத்துக்குப் புடவைக் கடைக்காவது போகலாம்' என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன்.

போர்டு கம்பெனியின் மாடல் டி கார் என் வாயை அடைத்துவிட்டது. 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்தார்களாம்! காலுக்கு மூன்று பெடல் உண்டு. ஆனால் வேகத்தைக் கூட்டுவது ஸ்டியரிங் பக்கத்தில் உள்ள கைப்பிடியால். பெட்ரோல் டாங்க் சீட்டுக்கு அடியில். பம்பு கிடையாது, பெட்ரோல் தானாக வழிந்துதான் இன்ஜினுக்குப் போகணும். செங்குத்தான மேட்டில் இன்ஜின் மேலே, டாங்க் கீழே. பெட்ரோல் எப்படிப் போகும்? அதனால் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸிலேயே ஏற்றினார்களாம்.

"அப்போ நம்ம 70 வளைவும் பின்பக்கமாவா போகணும்மா?" என்றான் பையன். எனக்குத் தலையே சுற்றியது.

அந்தக் காலத்தில் முன்னால் கம்பியைச் சுழற்றித்தான் ஸ்டார்ட் செய்யணும். கம்பி எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். 1912-ல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் பெண்கள் தைரியமாகத் தனியே ஓட்டுவது சுலபமாயிற்று. மழையில் கண்ணாடி துடைக்கும் வைப்பருக்கு 1903-லேயே காப்புரிமை வாங்கியவர் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணிதான், தெரியுமோ?

ஆனால் என் கண் நின்ற இடம் வேறு. பழைய கார்களில் டாஷ்போர்டு முழுக்க இரும்புத் தகடு, சீட் பெல்ட்டே இல்லை. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் வால்வோ காரில் வந்ததே 1959-ல்தான். என் பையனுக்கு ஒரு வயசில், தெரிந்தவர் ஜீப்பில் முன் சீட்டில் அவனை மடியில் வைத்து மலை இறங்கினேன். ஒரு வளைவில் திடீர் பிரேக். இறுக்கித்தான் பிடித்திருந்தேன், இருந்தும் பிள்ளை நெற்றி தகட்டில் மோதி மூன்று தையல். தழும்பு இன்னும் இருக்கிறது. பிரேக் போடும் வேகத்துக்கு அம்மா கைப்பிடி எம்மாத்திரம்? இருவரையும் சேர்த்துப் பெல்ட் போடுவதும் ஆபத்து. நம் பாரமே குழந்தையை நசுக்கும்.

வெளியே வந்ததும் நாத்தனார் மகள் கைக்குழந்தையோடு முன் சீட்டில் ஏறப் போனாள். "பின்னாடி உட்காரும்மா" என்றேன்.

"பக்கத்துலதானே அத்தை, பத்து நிமிஷம்."

பையனைக் கூப்பிட்டு நெற்றி முடியை ஒதுக்கிக் காட்டினேன். பேசாமல் பின்னால் போய் உட்கார்ந்தாள். வழியிலேயே வண்டியை நிறுத்தி, குழந்தைக்கென்று கட்டுப்பட்டையோடு விற்கும் தனி கார் சீட்டும் வாங்கிக்கொண்டோம். புடவைக்கு வைத்திருந்த பணம்தான்.