பாட்டன் சொல்லும் பேரன் செவியும்

பேரன் என்னும் சொல்லின் முந்தைய வடிவம் 'பெயரன்' என்பதாகும். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். பெயரை அளித்தல் எளிது. அப்பெயருக்குரிய வரலாற்றையும் உடன் அளித்தலே அரிது. இதனைச் சேக்கிழார் பெருமான் அருளிய தடுத்தாட்கொண்ட புராணம் நமக்கு நன்கு உணர்த்துகின்றது.

திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் திருமகனாராய்த் தோன்றியவர் நம்பியாரூரர். நரசிங்கமுனையரையர் என்னும் மன்னர் அன்பினால் அவரைத் தம் மாளிகையில் வளர்த்தார். புத்தூரில் மணக்கோலத்தோடு இருந்த அவர்முன் முதிய வேதியர் ஒருவர் வந்தார். நம்பியின் பாட்டனார் வழிவழி அடிமைத் திறத்துக்கு ஓலை எழுதித் தந்திருப்பதாக வழக்குரைத்தார். நம்பி அவரைப் பித்தன் என்று இகழ்ந்தார். அவர் காட்டிய ஓலையையும் கிழித்தெறிந்தார். கிழிந்தது படியோலையே. மூலவோலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிப்பட்டது. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கிய அவையோர், எழுத்து ஒன்றே எனத் தீர்ப்பளித்தனர். ஓலையில் கண்ட பாட்டனாரின் பெயரும் ஆரூரனே!

இங்கே நாம் சிந்திக்க வேண்டுவது ஒன்றுண்டு. பாட்டனாரின் பெயர் பேரருக்கு வந்தது. அவர் ஏற்ற தொண்டின் செய்தியோ செவிக்கு எட்டவில்லை. நம்பியாரூரரை ஆட்கொள்ள இறைவனே ஓலையோடு எழுந்தருளினான். நம் இல்லங்களுக்கு அவ்வாறு ஓலை கொண்டு வருவார் யார்? பாட்டனும் பாட்டியுமே அன்றோ?

எழுபது வயது முதியவர் தாம் கண்டதைப் பத்து வயதுப் பேரனுக்குக் கூறுவதாகக் கொள்வோம். அப்பேரனும் தன் எழுபதாம் வயதில் தன் பேரனுக்கு அதனைக் கூறினால், முதல்வர் பிறந்து 130 ஆண்டுகள் சென்ற பின்னும் அச்செய்தி உயிரோடிருக்கும். இடையில் நின்றவை இரண்டே வாய்கள்! அவற்றுள் ஒன்று மூடினும் தொடர் அறுந்துபோம். எந்தத் திருவிழாவில் எந்த நாள் மண்டகப்படி நம் குடும்பத்துக்கு உரியது, எந்த விளக்கு நம் முன்னோர் ஏற்றியது என்பனவெல்லாம் இவ்வாறே மறைகின்றன.

பெற்றோர் பொருளீட்டும் கவலையில் உழல்வர். ஓய்வு முதியோரிடத்தும் வினாக்கள் சிறுவரிடத்தும் உள்ளன. தந்தையைத் தாண்டியும் கதை செல்வது இதனாலேயே. கேட்ட கதையைச் சிறுவர் திரும்பச் சொல்லுமாறு செய்தல் வேண்டும். சொல்லிப் பார்த்ததே நெஞ்சில் நிலைக்கும்.

ஆட்பட்ட நம்பியாரூரர் பின்னர்த் திருத்தொண்டத்தொகை பாடி, அடியார்களைப் போற்றி, தம் தாய் தந்தையர் பெயரையும் அதில் பொறித்தார். அத்தொகையை நம்பியாண்டார் நம்பிகள் அந்தாதியாய் விரித்தார். சேக்கிழார் பெரும் புராணமாக்கினார். ஒருவர் சொல்ல மற்றவர் விரித்ததனாலன்றோ நாயன்மார் வரலாறு நம்மை வந்தடைந்தது! தேர் காண வந்த பேரப்பிள்ளைகள் அருகிருக்கும் இந்நாளிலேயே நாமும் நம் குடும்ப ஓலையை வாய்திறந்து படிப்போமாக.