குறுக்கு வழியின் விலை

16-ஆம் நூற்றாண்டில் ஆசியாவுக்கான தென்கடல் வழிகளில் போர்ச்சுகலும் ஸ்பெயினும் ஆதிக்கம் செலுத்தின. கீழைநாட்டு வணிகத்தில் பங்கு கேட்ட இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் எஞ்சியது வடதிசை மட்டுமே. ஆர்க்டிக் பெருங்கடல் வழியாகச் சென்றால் தொலைவு பெரிதும் குறையும் என்பது அவர்களது கணக்கு. பனிக்கட்டி அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

கிழக்கு நோக்கிச் சென்ற டச்சு மாலுமி வில்லெம் பாரன்ட்ஸ், 1596-இல் நோவயா செம்ல்யா தீவருகே பனியில் சிக்கினார். குளிர்காலத்தைக் கரையில் கழித்துவிட்டுத் திரும்பும் வழியில் உயிரிழந்தார். அந்த வழியை நார்டென்ஷோல்டின் 'வேகா' கப்பல் கடந்து முடித்தது 1879-இல்தான்.

கனடாவின் வடதீவுகளுக்கிடையே செல்லும் வடமேற்கு வழியைக் கண்டறிவோருக்கு 20,000 பவுண்ட் பரிசு வழங்க பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1745-இல் சட்டம் இயற்றியது. சரியாக நூறாண்டுகளுக்குப் பின், ஜான் பிராங்ளின் தலைமையில் 'எரெபஸ்', 'டெரர்' என்னும் இரு கப்பல்கள் புறப்பட்டன. நீராவி இயந்திரம், மூன்றாண்டுக்கான உணவு, நூலகம் என எல்லாம் இருந்தன. கிங் வில்லியம் தீவின் மேற்கே கப்பல்கள் பனியில் உறைந்தன. 129 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

அவர்களுக்கு நேர்ந்ததை 1854-இல் ஜான் ரே அறிந்து வந்து கூறினார். இனுயிட் மக்களைப் போலவே பனியில் வாழப் பழகியவர் அவர். பட்டினியால் மடிந்தவர்கள் இறுதியில் மனித உடலையும் உண்டனர் என இனுயிட்டுகள் கூறியதை லண்டன் ஏற்க மறுத்தது. சார்லஸ் டிக்கன்ஸ்கூட அம்மக்களின் சாட்சியத்தை இழிவுபடுத்தி எழுதினார். பின்னாளில் கிடைத்த எலும்புகளில் காணப்பட்ட வெட்டுத் தடங்கள் அச்சாட்சியத்தை மெய்ப்பித்தன. 2014-இல் 'எரெபஸ்' கண்டெடுக்கப்பட்டதும் இனுயிட்டுகள் தலைமுறைகளாகச் சொல்லிவந்த பகுதியில்தான்.

அதே பயணத்தில் ரே, கிங் வில்லியம் தீவின் கிழக்கே ஒரு நீரிணையையும் கண்டிருந்தார். நார்வே நாட்டவரான ரோல்ட் அமுண்ட்சென் அவ்வழியைத் தேர்ந்தார். 1903-இல் ஆறு தோழர்களுடன் 'யோவா' என்னும் சிறு மீன்பிடிக் கப்பலில் புறப்பட்ட அவர், அத்தீவில் இரு குளிர்காலங்கள் தங்கி, தோலாடை தைப்பதையும் நாய்வண்டி ஓட்டுவதையும் இனுயிட்டுகளிடம் கற்று, 1906-இல் வடமேற்கு வழியை முழுமையாகக் கடந்தார். ஆனால், சில இடங்களில் ஆழமே இல்லாத அவ்வழி பெரிய வணிகக் கப்பல்களுக்கு உதவவில்லை. 1914-இல் பனாமா கால்வாயும் திறக்கப்பட்டது.

போக்குவரத்துச் செலவைத் தொலைவு மட்டும் தீர்மானிப்பதில்லை. குறித்த நாளில் சென்றடையும் உறுதியும் தீர்மானிக்கிறது. ரஷியாவின் வடகடல் வழியே ராட்டர்டாமிலிருந்து யோகஹாமா செல்ல, சூயஸ் வழியைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தொலைவு குறைவு. இருப்பினும், பனியுடைப்புக் கப்பல், காப்பீடு, குறுகிய கோடைப் பருவம் ஆகியவற்றையும் சேர்த்தே வணிகர்கள் கணக்கிட வேண்டியுள்ளது.

இன்று ஆர்க்டிக் பனி சுருங்க, குறுக்கு வழி குறித்த ஆசை மீண்டும் துளிர்த்திருக்கிறது. அவ்வழியைத் திறக்கும் அதே வெப்பம்தான் கிரீன்லாந்தின் பனிப்படலத்தை உருக்கிக் கடல்மட்டத்தை உயர்த்துகிறது. அன்று விலை கொடுத்தவர்கள் மாலுமிகள். இம்முறை அது கடற்கரைகளில் வாழும் அனைவரிடமும் வசூலிக்கப்படும். அங்கு வாழ்வோரின் சொல்லுக்குச் செவிசாய்க்காமல் புறப்பட்டவர்களின் கதி என்னவாயிற்று என்பதைக் கப்பல் நிறுவனங்களும் அரசுகளும் நினைவில் கொள்வது நல்லது.