சான்றிதழும் தொழிலாளர் குரலும்

திருப்பூர், திண்டுக்கல் பகுதிகளில் தைக்கப்படும் ஆயத்த ஆடைகளில் கணிசமான பகுதி தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் வழியாகவே மேலைநாடுகளுக்குச் செல்கிறது. அவற்றை வாங்கும் வணிகப் பெயர்கள் தரத்தையும் விலையையும் மட்டுமின்றி, ‘நடத்தை விதித்தொகுப்பு’ ஒன்றையும் ஆலைகளுக்கு நிபந்தனையாக விதிக்கின்றன. குழந்தைகளை வேலைக்கு வைக்கக்கூடாது, மிகைநேர வேலைக்கு உரிய கூலி தரவேண்டும், சங்கம் சேரும் உரிமையை மறுக்கக்கூடாது என்பன போன்ற விதிகளின் தொகுப்பே அது. 1991-இல் லீவை ஸ்ட்ராஸ் நிறுவனம் இத்தகைய தொகுப்பை வெளியிட்ட பிறகு, பிற நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. அவ்விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று வெளியார் வந்து பார்ப்பதே ‘சமூகத் தணிக்கை’ எனப்படுகிறது.

தணிக்கையால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, கழிப்பறை, வயதுச் சான்று போன்று கண்ணுக்குத் தெரிபவற்றை அது ஓரளவு சீராக்குகிறது. ஆனால் ஒன்றிரண்டு நாட்களே ஆலையில் தங்கும் தணிக்கையாளர், நிர்வாகம் எடுத்துக் காட்டும் வருகைப் பதிவேட்டையும் கூலிப் பட்டியலையும் நம்பியே எழுதவேண்டியிருக்கிறது. அவருக்குரிய கட்டணத்தைப் பல வேளைகளில் ஆலையே செலுத்துகிறது. தொழிலாளரிடம் அவர் கேள்வி கேட்பதும் பெரும்பாலும் ஆலை வளாகத்துக்குள்தான். இந்நிலையில், வசைச்சொல்லையும் பாலியல் சீண்டலையும் வேலை போய்விடும் என்ற அச்சத்தையும் ‘ஆம்–இல்லை’ பட்டியல் எதுவும் பதிவு செய்வதில்லை.

இக்குறைபாடு உயிர்களையே பலி வாங்கியதற்குக் கராச்சி சான்று. அங்குள்ள அலி எண்டர்பிரைசஸ் ஆலை எஸ்.ஏ.8000 என்ற பன்னாட்டுச் சான்றிதழைப் பெற்ற சில வாரங்களிலேயே, 2012 செப்டம்பர் 11 அன்று தீப்பற்றி எரிந்தது; 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு ஏப்ரலில் வங்காளதேசத்தின் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அக்கட்டடத்தில் இயங்கிய சில ஆலைகளும் முன்பே தணிக்கை செய்யப்பட்டவை என்பது தெரியவந்தது. அதன் விளைவாக, கொள்முதல் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்டு, சட்டப்படி இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உடன்படிக்கை 2013 மே மாதத்தில் உருவானது.

தமிழ்நாட்டில் இவ்வழியில் எழுந்ததே திண்டுக்கல் ஒப்பந்தம். 2021 ஜனவரியில் அம்மாவட்ட ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம்பெண் கொலை செய்யப்பட்டு, அவருடைய மேற்பார்வையாளர் கைதானதை அடுத்து, பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம் அச்சங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. எச் அண்ட் எம் முதலிய வணிகப் பெயர்களும் அதற்குக் கட்டுப்பட்டன. அதன்படி, பயிற்சி பெற்ற பெண் தொழிலாளர்களே தையல் வரிசைகளில் கண்காணிப்பாளர்களாக இருந்து, இலக்கை எட்டவில்லை என்று மேற்பார்வையாளர் கத்தும் அந்த வேளையிலேயே குறையை எழுப்ப முடிந்தது. புகார் செய்தவரைப் பழிவாங்குவது தடைசெய்யப்பட்டது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால், கொள்முதல் நிறுவனம் வணிக வழியில் அழுத்தம் தரவேண்டியிருந்தது. முதல் ஆண்டில் எழுந்த 185 குறைகளில் 182 தீர்க்கப்பட்டதாக அதன் ஆண்டறிக்கை குறிப்பிட்டது. ஆயினும் ஒரே குழுமத்தின் ஆலைகளுக்கு மட்டும் பொருந்தியது இதன் எல்லையாகும்.

தொழிலாளரின் சொந்தக் குரலே அவர்களைக் காக்கும் என்ற இந்தப் பாடம் தூத்துக்குடிக்குப் புதிதன்று. 1908-இல் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க, அவ்வூர்க் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வையும் வார விடுமுறையையும் பெற்றபோது, அவர்களுக்காக எந்தத் தணிக்கையாளரும் வரவில்லை. எனவே ஓர் ஆலையின் நிலைமையை அறிய விரும்புவோர், அது எத்தனை சான்றிதழ்கள் பெற்றிருக்கிறது என்பதைவிட, தணிக்கைக்குப் பணம் தருபவர் யார், குறை சொன்னவரின் வேலை நிலைக்கிறதா, விலையைக் குறைத்துக் கெடுவை நெருக்கும் கொள்முதலாளர் எதற்கேனும் பொறுப்பேற்கிறாரா என்ற மூன்றையும் கேட்பதே பொருத்தமானது.