ஓடும்போது அணையும் பழைய கார்: எதை முதலில் பார்ப்பது?

நம் சங்ககிரி லாரிகளின் ஊர். டீசல் வண்டியின் கோளாறைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுபவர்கள் இங்கு உண்டு. ஆனால் சில வீடுகளில் இன்னும் ஓடும் பழைய அம்பாசடர், மாருதி 800, ஆம்னி போன்ற கார்புரேட்டர் கார்கள் வேறு வகை. டீசல் எஞ்சினில் காற்றை அழுத்தும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சினில் பிளக்கில் பொறி விழ வேண்டும். அந்தப் பொறி வந்தும் வராமலும் இருந்தால்தான் தொல்லை.

வழியில் நின்ற வண்டி, மெக்கானிக் வருவதற்குள் சூடு ஆறி நன்றாக ஓடும். பிறகு ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றுவோம். பணம் போகும், கோளாறு போகாது. நோயாளியை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ போகும் குடும்பத்துக்கு இது ஆபத்து. ஆகவே வண்டி நின்ற அந்த நேரத்திலேயே சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. எப்படி நின்றது? சாவியால் அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. திணறித் திணறி நின்றால் பெட்ரோல் வரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

2. சாவி ஆனில் இருக்கும்போது ஆயில், சார்ஜ் சிவப்பு விளக்குகள் எரிகின்றனவா? எரியாவிட்டால் பேட்டரி டெர்மினல், பியூஸ், சாவி சுவிட்ச் ஆகியவற்றில் கோளாறு இருக்கலாம். கனமான சாவிக்கொத்தும் சுவிட்சைத் தேய்த்துவிடும்.

3. எப்போது நிற்கிறது? சூடேறியதும் நின்று, ஆறியதும் ஓடினால் காயில் அல்லது எலக்ட்ரானிக் மாட்யூல் மீது சந்தேகம். மழையில் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசல், பிளக் ஒயரில் கசிவு. குழியில் குலுங்கும்போது என்றால் தளர்ந்த ஒயர், எர்த்.

இவற்றைத் தாளில் குறித்துக் கொடுத்தால் மெக்கானிக்கின் வேலை பாதியாகும். அவர் செய்ய வேண்டிய சோதனையும் எளிது. வண்டி நின்ற நிலையில், சாவி ஆனில், காயிலின் பாசிட்டிவ் முனையில் 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் எரிய வேண்டும். எரியாவிட்டால் கோளாறு சுவிட்ச் பக்கம். எரிந்தால், லேம்பை நெகட்டிவ் முனைக்கு மாற்றி செல்ஃப் அடிக்க வேண்டும். லேம்ப் மினுக்கினால் பாயிண்ட் அல்லது மாட்யூல் வேலை செய்கிறது. பொறி மட்டும் இல்லையென்றால் காயில், ரோட்டார், மூடி, ஒயர்களைப் பார்க்கலாம். மினுக்காவிட்டால் பாயிண்ட், மாட்யூல் பக்கம் போகலாம். புதிய பாகம் வாங்குவது அதற்குப் பிறகுதான்.

பிளக் ஒயரில் பல்லாயிரம் வோல்ட் பாயும். கையால் பிடித்துப் பார்க்காதீர்கள். பெட்ரோல் வாடை இருந்தால் பொறி சோதனையே வேண்டாம். எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளை ஸ்கேனர் உள்ளவரிடம் விடுங்கள்.

பைபாஸில் எஞ்சின் நின்றால் பிரேக் இறுகும். பலமாக மிதித்து இடதுபுறம் ஒதுக்குங்கள். சாவியை முழுதாகத் திருப்பி எடுக்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கோளாறு தீரும் வரை அந்த வண்டியில் நோயாளியை ஏற்ற வேண்டாம். அவசரத்துக்கு 108 இருக்கிறது.